குண்டூசி விழும் வரை

பகல் முழுக்க இருட்டில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவள் அவள். முட்டை மண்டியின் பின்பக்கத்தில், சன்னலுக்குக் கோணி அடித்து மூடிய ஒரு சின்ன அறை. அதில் ஒரு முக்காலி, ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் மெழுகுவத்தி எரியும். பெட்டியின் முகத்தில் முட்டையைவிடச் சற்றே சிறிய ஓட்டை. அதில் முட்டையை வைத்து விரல்நுனியால் ஒரு சுற்றுச் சுற்றினால் ஓட்டுக்குள் இருப்பது வெளிச்சத்தில் தெரிந்துவிடும். தலைப்பக்கத்துக் காற்றறை சிறிதாக இருந்தால் புது முட்டை, பெரிதாக இருந்தால் பழையது. சிவப்பாக நரம்பு ஓடினால் கரு பிடித்தது. எதுவும் தெளிவாக இல்லாமல் கலங்கலாக ஆடினால் கூமுட்டை. பல்பு வைத்த பெட்டியும் ஒன்று இருந்தது. ஆனால் மின்சாரம் அங்கே சொல்லாமல் வந்து சொல்லாமல் போகிற விருந்தாளி. அதை நம்பி லாரியை நிறுத்தி வைக்க முடியாது என்பதால் மெழுகுவத்திப் பெட்டிதான் நிரந்தரம்.

மண்டியில் அவளுக்கு ஆந்தை என்று பெயர். வைத்தது யார் என்று தெரியாது. முட்டைத் தட்டு அடுக்குகிறவர்கள் வெளியே நின்று, "ஆந்தையக்கா, நல்லா வெயில் அடிக்குது, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ" என்பார்கள். "வெயில் எங்க ஓடிப்போகுது, நாளைக்குப் பாத்துக்கறேன்" என்று உள்ளிருந்து பதில் வரும்.

அந்த இருட்டை அவள் விரும்பினாள் என்று சொன்னால் அது மிகை. ஆனால் முக்காலியில் உட்கார்ந்திருக்கும்வரை யாரும் அவளிடம் தண்ணீர் கேட்பதில்லை, தூக்கிவிடச் சொல்வதில்லை, எங்கே போனாய் என்று கேட்பதில்லை. முட்டைகள் ஒன்றும் பேசுவதில்லை. உலகத்தில் தன் பாட்டுக்கு உட்கார அவளுக்குக் கிடைத்த இடம் அது ஒன்றுதான், அதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்பது அவளுக்கே சிலசமயம் வேடிக்கையாக இருக்கும்.

வீட்டில் அவள் பெரிய மருமகள். கணவன் கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் இறங்கிச் சுத்தம் செய்கிறவன். கொழுந்தன் தூரத்து லாரி ஓட்டுகிறவன். வீட்டில் அவன் சட்டை தொங்குகிற நாட்கள் அதிகம், அவன் இருக்கிற நாட்கள் குறைவு. அவன் மனைவி, சின்னவள், முன்னறையில் தையல் மிஷின் போட்டுத் துணி தைத்துக் கொடுக்கிறாள். நடு அறையில் மாமனார் படுத்திருக்கிறார்.

அவர் தச்சர். ரம்பம் இறுகினால் அதன் பல்லில் மெழுகைத் தேய்ப்பார், இழுப்பறை சண்டித்தனம் செய்தால் அடியில் மெழுகைத் தேய்ப்பார், ஆணி மரத்துக்குள் இறங்க மறுத்தால் அதையும் மெழுகில் குத்தி எடுத்து அடிப்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு மெழுகுத் துண்டு இருக்கும். துவைக்கும்போதெல்லாம் மருமகள்கள் திட்டிக்கொண்டே அதை எடுத்து வெளியே வைப்பார்கள். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. பேச்சும் போயிற்று. போன பேச்சில் ஏனோ ஒரே ஒரு சொல் மட்டும் போகாமல் நின்றுகொண்டது: "அப்புறம்." பசித்தாலும் அப்புறம், நனைந்தாலும் அப்புறம், கோபம் வந்தாலும் அப்புறம்தான். "உங்கப்பாகிட்ட பேசினா கதை கேக்கற மாதிரியே இருக்கு" என்று சின்னவள் தன் புருஷனிடம் சொன்னதுண்டு.

சொல்லோடு எண்களும் போய்விட்டன. சுவர்க் கடிகாரத்தைக் காட்டினால் தெரியாதவர் முகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அது மணி அடிக்கும்போதெல்லாம் உடல் தூக்கிப்போட்டது, அதனால் மூத்த மகன் அதை நிறுத்திவிட்டான். அவரைத் தனியே விடவும் முடியாது. விட்டால் எழுந்து நடக்கப் பார்ப்பார், விழுவார். ஆக எந்நேரமும் பக்கத்தில் ஓர் ஆள். அந்த ஆள் எழுந்து போனாலோ, அவர் போட்ட ஓலம் தெருக்கோடிவரை கேட்டது. எப்போது திரும்புவார்கள் என்று தெரியாத மனிதனுக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஒரேயடியாகப் போகிறவர்கள்தான்.

மருமகள்கள் இருவருக்கும் இடையிலும் சச்சரவு. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். ஓரகத்திகளுக்குச் சொல்லவா வேண்டும். "இதோ வரேன்னு சொன்னீங்க, இந்த இதோ எவ்வளவு நீளம்க்கா?" என்று சின்னவள் கேட்பாள். "நீ மட்டும் நேத்து ஒரு ஜாக்கெட்டை முடிச்சுட்டுத்தானே எந்திரிச்ச" என்று பெரியவள் சொல்வாள். கடிகாரம் ஓடிய காலத்திலேயே அதன்மேல் இருவருக்கும் நம்பிக்கை இருந்ததில்லை. அது அவரவருக்கு வேண்டியபடி முந்தியும் பிந்தியும் ஓடுவதாக இருவரும் சொல்லிக்கொண்டார்கள்.

வழி கண்டுபிடித்தவள் பெரியவள். மண்டியில் ஒரே அளவு மெழுகுவத்தி, காற்றுப் படாத பெட்டிக்குள், நாள்தோறும் ஒரே மாதிரி கரைவதைப் பார்த்துப் பார்த்து வந்த யோசனை. மண்டி மேஸ்திரியிடம் கேட்டு அதே மெழுகுவத்தியில் ஒரு கட்டு வாங்கி வந்தாள். குண்டூசியைச் சூடாக்கி மெழுகின் இடுப்பில் பக்கவாட்டில் குத்தினாள். கட்டிலருகே ஒரு முக்காலிமேல் அதை நிறுத்தினாள், அடியில் எவர்சில்வர் தட்டு. மெழுகு ஊசிவரை கரைந்ததும் பிடி தளர்ந்து ஊசி தட்டில் விழும். "டிங்" என்ற அந்தச் சத்தம்தான் நீதிபதி. விழுந்தால் ஆள் மாறவேண்டும். அதற்கு முன் எழுந்திருக்கக் கூடாது, விழுந்தபின் உட்கார வைக்கவும் கூடாது. முன்னறையில் மிஷின் மிதிக்கும் சின்னவள் காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். சத்தம் கேட்டதும் மிதியிலிருந்து காலை எடுப்பாள்.

யாரும் எதிர்பாராத பலன் மாமனாரிடம் தெரிந்தது. முதல் சில நாள் ஊசி விழுவதையும், உடனே இன்னொரு மருமகள் உள்ளே வருவதையும் அவர் பார்த்தார். பிறகு ஓலம் நின்றது. மெழுகைப் பார்ப்பார், ஊசியைப் பார்ப்பார், கிடப்பார். ஊசி விழுந்தபின் போகிறவள் போகலாம். விழுவதற்கு முன் யாராவது நகர்ந்தால் மட்டும் பழைய ஓலம். எண்கள் போனாலும் காத்திருக்கத் தெரிந்தது அவருக்கு. மனிதனிடம் கடைசிவரை எது மிஞ்சும் என்பதை நாம் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை.

பெரியவள் மண்டியில் இருக்கும் பகல் முழுக்கச் சின்னவள் முறை. காலை முறை பெரியவளுடையது. அவரைத் துடைத்து, துணி மாற்றி, ஊட்டி, ஊசி விழும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு மண்டிக்குப் போகவேண்டும். இரவில் அவர் எழுப்பினால் புரட்டுவதற்கு நான்கு கை வேண்டும், ஆகவே கணவனோடு அவளும் எழவேண்டும். அவள் அசந்துபோயிருந்தாள் என்று சொல்வது போதாது. பல் துலக்கும்போது ஒரு கணம் தூங்கிவிட்டு, வாயில் நுரையோடு விழித்த காலைகளும் இருந்தன.

இந்த நிலையில்தான் மண்டிக்குத் தாமதம் ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம், பிறகு நிறைய.

"என்ன ஆந்தை, உனக்கு இன்னும் விடியலையா?" என்றார் மேஸ்திரி.

"எனக்கு எப்பவோ விடிஞ்சுதுங்க. வீட்டுலேர்ந்து கிளம்பறதுதான்..."

"நான் உன்னை ஒண்ணும் சொல்லல. லாரிக்காரன் சொல்றான். நீ பாத்து அனுப்பாம ஒரு தட்டுகூட ஏத்த முடியாது. பாக்காம ஏத்தினா, கடைக்காரன் ஒவ்வொரு முட்டையையும் என் தலையிலதான் உடைப்பான்."

"நாளையிலேர்ந்து சரியா வந்துடறேன்."

"போன வாரமும் இந்த நாளையைத்தான் சொன்ன." அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "இன்னொரு தரம் லாரி நின்னா அந்த முக்காலியில வேற ஆளை உக்கார வெச்சிடுவேன்மா. அப்பறம் என்னை நொந்துக்கக் கூடாது."

தாமதத்தின் காரணம் அவளுக்குத் தெரியும், பாதி மட்டும். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் தூங்கிவிடுகிறாள். விழித்துப் பார்த்தால் மெழுகுவத்தி அணைந்திருக்கிறது. திரி ஆறிக் கிடக்கிறது, ஊசி இருந்த இடத்திலேயே இருக்கிறது. வெளியே வெயில் ஏறியிருக்கும். அப்படியே எழுந்து ஓடலாம். ஆனால் ஊசி விழாமல் எழுந்தால் மாமனார் ஓலமிடுவார், சின்னவள் ஓடி வருவாள், ஏன் என்று கேட்பாள். காவலுக்கு உட்கார்ந்தவள் தூங்கிப்போனாள் என்று சொல்லவேண்டி வரும். அதைச் சொல்வதைவிட அவள் மறுபடி திரியைப் பற்றவைத்து, ஊசி விழும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விதியைப் போட்டவளே அதில் கால் மாட்டிக்கொண்டு நின்றாள்.

தெரியாத மறுபாதி, மெழுகுவத்தி ஏன் அணைகிறது என்பது. சன்னல் மூடியிருந்தது. திரைச்சீலை அசையவில்லை.

மாலையில் கணவன் முற்றத்தில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, மெழுகுவத்தி தானா அணையுமா?"

"காத்தடிச்சா அணையும்."

"காத்தே இல்லாத இடத்துல?"

"கிணத்துக்குள்ள முதல்ல மெழுகுவத்தியத்தானே இறக்கறோம். அது அணைஞ்சா உள்ள காத்து கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். அப்பறம் ஆள் இறங்க மாட்டோம்."

"அறைக்குள்ள?"

"அறைக்குள்ள அப்படி அணைஞ்சா நீயும் அப்பாவும் அங்க மூச்சுவிட்டுக்கிட்டு இருக்க மாட்டீங்க." அவன் கயிற்றை முடிச்சிட்டான். "காத்தும் அடிக்கல, கெட்டும் போகலன்னா, யாரோ அணைச்சிருக்காங்க. ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

"சும்மா கேக்கற மூஞ்சியா இது" என்றான். அவள் அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள்.

யாரோ என்றால் யார்? வீட்டில் அந்த நேரத்தில் இருப்பது சின்னவள் மட்டும். அவளுக்குச் சில நாட்களாகப் பள்ளிச் சீருடை தைக்கும் வேலை குவிந்திருந்தது. தன் முறை தள்ளிப்போகப் போக அவளுக்கு மிஷினில் நேரம் கிடைக்கும். சந்தேகத்துக்கு இவ்வளவு தீனி போதும். மறுநாள் காலையிலும் மெழுகுவத்தி அணைந்திருந்தது. லாரி அன்று தாமதமாக வந்ததால் மட்டும் அவள் தப்பினாள். மாலை வீடு திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் முன்னறை வாசலில் நின்றாள். நடு அறையில் கணவன் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தான். சின்னவள் பொத்தான் தைப்பதற்காக நூலை ஒரு மெழுகுத் துண்டின்மேல் இழுத்து இழுத்து மெழுகேற்றிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு நேரம் வேணும்னா வாயைத் திறந்து கேக்கலாம்ல?"

"என்ன நேரம்க்கா?"

"காலையில வந்து ஊதிட்டுப் போறியே, அந்த நேரம்."

நூல் நின்றது. "எதை ஊதிட்டு?"

"தெரியாத மாதிரி கேக்காத. மெழுகுவத்தியை."

சின்னவள் நிமிர்ந்தாள். "ஊசி எப்ப விழும்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன் நான். இப்பல்லாம் விழவே மாட்டேங்குதேன்னு எனக்கே யோசனையாத்தான் இருந்துச்சு. நீங்கதான் மண்டிக்குப் போக அலுப்பா இருந்து ஊசியைக் கீழ இறக்கிக் குத்தறீங்கன்னு நினைச்சேன்."

"நான் ஏன்டி அப்படிச் செய்யப்போறேன்? இன்னொரு நாள் லேட்டாப் போனா எனக்கு வேலையே இல்ல."

"அது நீங்க சொன்னாத்தானே தெரியும்." நூலை மறுபடி இழுத்தாள். "சரி, நான்தான் வந்து ஊதினேன்னே வெச்சுக்குவோம். நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

பெரியவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

"தூங்கிட்டீங்களாக்கா?"

கேலியாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவள் கேலியாகக் கேட்கவில்லை.

"கண்ணை மூடிக்கிட்டிருந்தேன்."

"கண்ணை மூடிக்கிட்டு பக்கத்துல ஆள் வந்ததுகூடத் தெரியலன்னா, அதுக்குப் பேரு தூக்கம்தான்க்கா" என்றாள் சின்னவள், பொத்தானைப் பார்த்தபடி.

மறுநாள் காலை பெரியவள் தூங்குவதுபோல் நடிக்க முடிவு செய்தாள். வருகிறவளைக் கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும். உண்மையிலேயே தூக்கம் வருகிறவளுக்குத் தூங்குவதுபோல் நடிப்பதைவிடக் கடினமான வேலை இல்லை. உள்ளங்கையில் நகத்தை அழுத்திக்கொண்டாள். தலையை ஒருபக்கம் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து, இமையிடுக்கு வழியாகக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் மிஷின் ஓடும் சத்தம் நிற்கவே இல்லை. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டில் முனகியது.

மாமனார் இடது முழங்கையை ஊன்றி, உடலைக் கட்டில் விளிம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். அதற்கே வெகுநேரம் ஆயிற்று. பிறகு முகத்தை மெழுகுவத்தி இருந்த முக்காலிப் பக்கம் நீட்டி ஊதினார். பாதி வாய்தான் அவர் சொல்வதைக் கேட்டது. மறுபாதி வழியாகக் காற்று தப்பியது, எச்சில் வழிந்தது. சுடர் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தது. இன்னொரு முறை ஊதினார். அதுவும் நடக்கவில்லை. இடது கைவிரல்களை நாக்கில் நனைத்துக்கொண்டு, திரியைப் பிடித்து அணைத்தார். காய்ப்பேறிய விரல், சுட்டதாகத் தெரியவில்லை. புகை மேலே போனது. அவர் அவளைப் பார்த்தார். ஊசி அசையாமல் இருக்கிறதா என்று பார்த்தார். மீண்டும் அவளைப் பார்த்துக்கொண்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி காவல் இருப்பவர்போலக் கிடந்தார்.

"மாமா" என்றாள் அவள்.

அவர் கை போர்வைக்குள் போயிற்று.

"ஏன் மாமா?"

"அப்புறம்" என்றார். பிறகு கையை வெளியே எடுத்து அவளைச் சுட்டிக்காட்டி, தன் கண்களை இறுக மூடித் திறந்து காட்டினார். தூங்கு என்றார். அந்தக் கை அடுத்து அவளுடைய புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. விடவில்லை.

அவள் தூங்கட்டும் என்றா செய்தார், அவள் போகக் கூடாது என்றா? ஒருவேளை அவருக்கே அந்த இரண்டும் ஒன்றாக இருந்திருக்கலாம். ஒருவர் காட்டும் அன்பில் எவ்வளவு நமக்காக, எவ்வளவு அவருக்காக என்பதை முட்டையைப்போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட முடியாது. இத்தனை நாளில் இந்த வீட்டில் அவள் தூக்கத்தைப் பற்றி நினைத்த ஒரே ஆள் அவர்தான் என்று அவளுக்குத் தோன்றியது. நன்றியோடு அதை நினைக்கத்தான் விரும்பினாள். ஆனால் நன்றிக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

"என் வேலை போயிடும் மாமா. வேலை போயிட்டா நான் நாள் பூரா இங்கயேதான் இருக்கணும். அதுவா வேணும்?"

"அப்புறம்" என்றார் அவர். அவர் முகம் தெளிந்ததுபோல் இருந்தது. ஆமாம், அதுதான் வேண்டும் என்று சொல்கிறாரோ என்று நினைத்தாள்.

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தலைப்பை விடுவித்தாள். "இங்க கொஞ்சம் வா" என்று முன்னறைக்குக் குரல் கொடுத்தாள். மிஷின் நின்றது. சின்னவள் வந்து, அணைந்த திரியையும், விழாத ஊசியையும், கிழவர் முகத்தையும் பார்த்தாள்.

"நீ இல்ல. இவருதான்" என்றாள் பெரியவள்.

"இவரா? ஒரு பக்கம் விழுந்தும் அடங்கலையே மனுஷன்" என்றாள் சின்னவள். பிறகு, "நீங்க கிளம்புங்க. நான் பாத்துக்கறேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஊசி விழாமலே பெரியவள் கிளம்பினாள். அவர் ஓலமிட்டார். தெருக்கோடிவரை அது அவளோடு வந்தது. கோடியில் திரும்பியபின் கேட்கவில்லையா, கேட்டும் அவள் காதில் விழவில்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. லாரி பின்னோக்கி வந்து நிற்கும்போது மண்டிக்குள் நுழைந்துவிட்டாள். மேஸ்திரி அவளைப் பார்த்துவிட்டு முட்டைத் தட்டுகளை உள்ளே அனுப்பினார்.

மாலையில் சின்னவளிடம் போய், "நான் தப்பா நினைச்சுட்டேன்" என்றாள்.

"நானும்தான் உங்களைத் தப்பா நினைச்சேன். சரிக்குச் சரி" என்றாள் அவள். "இனிமே தூக்கம் வந்தா ஒரு குரல் கொடுங்க. மிஷினை மாமா அறைக்கே இழுத்துப் போட்டுக்கறேன். அவருக்கும் பொழுது போகும்."

சொன்னபடி செய்தாளா என்றால், சில நாள் செய்தாள். சீருடை வேலை நெருக்கும்போது, "இந்த ஒரு காலரை முடிச்சுட்டு வரேன்க்கா" என்பாள். அந்தக் காலர் முடிவதற்குள் ஊசியே விழுந்துவிடும். அதற்காக அவளைக் குறைசொல்லவும் பெரியவளுக்கு மனம் வரவில்லை. ஆளுக்கு ஒரு பாரம் இருக்கும்போது யார் பாரத்தை யார் எவ்வளவு தூரம் தூக்குவது?

அதெல்லாம் பிறகு. அன்று மாலையே பெரியவள் செய்தது ஒன்று உண்டு. தட்டையும் மெழுகுவத்தியையும் கட்டிலருகே இருந்து எடுத்து, எதிர்ச்சுவரை ஒட்டிய அலமாரிமேல் வைத்தாள். கட்டிலில் படுத்தால் சுடர் தெரியும், ஊசியும் தெரியும். கையோ மூச்சோ எட்டாது. கணவன் பார்த்துவிட்டு, "அங்க ஏன் வைக்கற?" என்றான். சொன்னாள். அவன் அப்பாவைப் பார்த்தான். "பாவம், அவர் என்ன பண்ணுவாரு" என்றான். பிறகு அவளைப் பார்த்து, "நீயும்தான் என்ன பண்ணுவ" என்றான். அதற்குமேல் அவனிடமும் எதுவும் இல்லை.

மறுநாள் காலை கிழவர் முக்காலியைத் தேடினார். அலமாரிமேல் சுடரைக் கண்டார். இடது கையை அந்தப் பக்கம் நீட்டிப் பார்த்தார். எட்டாது என்று தெரிந்தும் இன்னொரு முறை நீட்டினார். பிறகு கையை மடக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் உட்காரவில்லை, உட்கார்ந்தால் தூங்கிவிடுவாள். சுவரில் சாய்ந்து நின்றபடி, கால் மாற்றிக் கால் மாற்றி, ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரில் அன்று ஊசியைப் பார்த்தது அவள் மட்டும்.

விழுந்தது. சின்னவள் வந்தாள். "போயிட்டு வரேன் மாமா" என்றாள் பெரியவள். ஓலம் வரவில்லை. அந்த ஒரு சொல்லும் வரவில்லை. வரும் என்று வாசற்படியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மண்டிக் கதவை அப்போதுதான் தள்ளித் திறந்துகொண்டிருந்தார் மேஸ்திரி.

"பரவாயில்லையே" என்றார். "பெரியவர் எப்படி இருக்காரு?"

"இருக்காருங்க" என்றாள்.

லாரி இன்னும் வந்திருக்கவில்லை. அவள் தன் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.